பின்னால் நிற்பது மெயினா, மிஸனா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடற்பயண நூல்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பிரிக், பார்க், ஸ்கூனர், கெட்ச் என்று பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் வருகின்றன. படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயன்றதில் குழப்பம்தான் கூடியது. இரண்டு பாய்மரம் கொண்ட பிரிக்கில் பின்னால் நிற்பதை மெயின்மாஸ்ட் என்கிறார்கள். அதேபோல இரண்டு மரம் கொண்ட கெட்ச்சில் பின்னால் நிற்பது மிஸன்மாஸ்ட். இதற்கு விதி ஏதேனும் உண்டா? மூன்று மரக் கப்பல் ஒன்றின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். முன்னிரண்டு மரங்களில் குறுக்கே பாய்கள். கடைசி மரத்தில் மட்டும் வேறு மாதிரி. அது என்ன வகை? ஒரு வாசகன் இதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். பாய்மரங்களின் பெயர் தெரியாமல் கடற்கதை படிப்பவருக்குப் புயல் காட்சியில் பாதி விளங்காது. யார் எங்கே ஓடுகிறார்கள், எதை இழுக்கிறார்கள் என்பது எல்லாமே அந்தப் பெயர்களில்தான் இருக்கிறது.

விதி உண்டு. மரங்களை முன்னாலிருந்து எண்ணாதீர்கள். முதலில் மெயின்மாஸ்ட்டைத் தேடுங்கள். பொதுவாக உயரமானதும் முதன்மையானதும் அதுதான். அதற்கு முன்னால் நிற்பது ஃபோர்மாஸ்ட், பின்னால் நிற்பது மிஸன்மாஸ்ட். பிரிக்கில் உயர்ந்த மரம் பின்னால் இருக்கிறது, ஆகவே அதுவே மெயின், முன்னால் இருப்பது ஃபோர். கெட்ச்சில் உயர்ந்த மரம் முன்னால் இருக்கிறது, ஆகவே பின்னால் இருக்கும் சிறியது மிஸன். இரண்டு மர ஸ்கூனரில் இரண்டும் ஒரே உயரமாக இருந்தாலும் ஃபோர், மெயின் என்றே வழங்குவார்கள். நான்காவதாக ஒரு மரம் வந்தால் ஜிகர். 1902இல் கட்டப்பட்ட ஜெர்மன் கப்பலான ப்ராய்சனில் ஐந்து மரங்கள். அங்கே மெயினுக்கும் மிஸனுக்கும் நடுவில் 'மிடில்' என்று ஒன்றைச் செருக வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அமெரிக்காவில் கட்டப்பட்ட தாமஸ் டபிள்யூ. லாசன் என்ற ஸ்கூனருக்கு ஏழு மரங்கள். அவற்றின் பெயர்களுக்குப் பல பட்டியல்கள் உலவுகின்றன, வாரநாட்களின் பெயரால் அழைத்தார்கள் என்ற கதை உட்பட.

இந்தப் பெயர்கள் எதற்கு? கப்பலில் பாயை இயக்கும் கயிறுகள் நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றின் பெயரும் ஒரு முகவரி போல அமைந்தது: முதலில் மரம், பிறகு அந்த மரத்தில் எந்த உயரத்துப் பாய், கடைசியில் கயிறு செய்யும் வேலை. 'ஃபோர் டாப்கேலண்ட் ஹால்யார்ட்' என்றால் முன்மரத்தில், கீழிருந்து மூன்றாம் நிலையில் உள்ள பாயை ஏற்றும் கயிறு. அந்தந்த மரத்தின் கயிறுகள் அதன் அருகிலேயே, பெரும்பாலும் வழக்கமான ஒரே வரிசையில் கட்டப்பட்டிருக்கும். நிலவில்லாத இரவில், மழையில், மாலுமி கையால் தடவியே சரியான கயிற்றைப் பிடித்துவிடுவான். தவறான கயிற்றை அவிழ்த்தால் மேலே பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பவனின் உயிருக்கே ஆபத்து.

மரத்தின் பெயர் எவ்வளவு முக்கியம் என்பதை, கப்பல் எதிர்க்காற்றில் திசை திரும்பும்போது பார்க்கலாம். சதுரப் பாய்கள் பருமல் எனப்படும் குறுக்குமரத்தில் தொங்குபவை. பின்னாலிருந்து வரும் காற்றுக்கு அவற்றை விஞ்ச எதுவும் இல்லை. ஆனால் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 65 பாகைக்குள் அவற்றால் நெருங்க முடியாது. எனவே கப்பல் இப்புறமும் அப்புறமும் மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். சுக்கானைத் திருப்புகிறார்கள். அணியம், அதாவது கப்பலின் முன்முனை, காற்றை நோக்கி வருகிறது. முன்மரத்துப் பாய்களை மட்டும் அசைக்காமல் விட்டுவைக்கிறார்கள். இப்போது காற்று அவற்றின் முன்பக்கத்தில் மோதி, அணியத்தை மறுபுறம் தள்ளுகிறது. அந்தப் பாய்கள் மறைத்துக்கொள்வதால் பின்னாலுள்ள பாய்களில் காற்றின் அழுத்தம் குறையும். அந்தச் சிறு இடைவெளியில்தான் மெயின், மிஸன் மரங்களின் பருமல்களைச் சுழற்றியாக வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் கப்பல் நடுவழியில் நின்று பின்னோக்கி நகரத் தொடங்கிவிடும். அணியம் காற்றைக் கடந்த பிறகே முன்மரத்தின் முறை. இவ்வளவையும் நடத்துபவை சில குறுகிய கட்டளைகள்.

இனி வகைகள். பாய் இரண்டு விதம். ஒன்று மேலே சொன்ன சதுரப் பாய். மற்றொன்று கப்பலின் நீளவாக்கில், மரத்தை ஒட்டி நிற்பது. அதை நெடுக்குப் பாய் என்கிறேன். இரண்டு மரத்திலும் சதுரப் பாய் என்றால் பிரிக். மூன்று மரத்திலும் சதுரப் பாய் என்றால் அதுவே அந்தக் காலத்து மாலுமிகள் 'ஷிப்' என்று ஒத்துக்கொண்ட கப்பல். கடைசி மரத்தில் மட்டும் நெடுக்குப் பாய் என்றால் பார்க். முதல் மரத்தில் மட்டும் சதுரப் பாய், மற்ற இரண்டிலும் நெடுக்குப் பாய் என்றால் பார்க்கன்டைன். எல்லாமே நெடுக்குப் பாய், கெட்ச்சைப் போல முன்மரம் உயர்ந்ததாக இல்லை என்றால், இரண்டு மரமோ ஏழு மரமோ, ஸ்கூனர்.

கப்பலின் உடலைப் பார்த்து வைத்த பெயர்கள் அல்ல இவை, பாய்களைப் பார்த்து வைத்தவை. டார்வின் பயணம் செய்த பீகிள் 1820இல் பிரிக்காகவே கடலில் இறங்கியது. அந்த வகைக் கப்பல்களுக்குச் சவப்பெட்டி என்றே கெட்ட பெயர் இருந்தது. 1825இல் அதற்கு ஒரு மிஸன்மாஸ்ட் சேர்த்தார்கள், பார்க் ஆயிற்று. கரையோரம் அளவெடுக்கும் வேலைக்குத் தேவையான கட்டுப்பாடு அதனால் கூடியது. 1869இல் ஷிப்பாகக் கட்டப்பட்ட 'கட்டி சார்க்' என்ற கப்பல், 1916இல் புயலில் மரங்களை இழந்தபின் பார்க்கன்டைனாக மாற்றப்பட்டது. அந்தப் படங்களை என்னால் அமைதியாகப் பார்க்க முடிவதில்லை. அவ்வளவு அழகான உடலுக்கு மேல் அவ்வளவு சிக்கனமான பாய்கள். ஆனால் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. சதுரப் பாயைச் சுருட்ட மாலுமிகள் மேலே ஏறி, பருமலுக்குக் கீழே கட்டிய கயிற்றில் கால் ஊன்றி, வயிற்றைப் பருமலில் அழுத்திக்கொண்டு, நனைந்து விறைத்த துணியைக் கைகளால் வாரி இழுக்க வேண்டும். நெடுக்குப் பாயைப் பெரும்பாலும் தளத்தில் நின்றே ஏற்றி இறக்கலாம். ஏழு மரம் கொண்ட லாசனை கயிறுகளை இழுக்கும் நீராவிப் பொறிகளின் உதவியோடு 20க்கும் குறைவானவர்கள் ஓட்டினார்கள். நீராவிக் கப்பலோடு போட்டியிட்ட முதலாளிகளுக்கு இந்தக் கூலிக் கணக்கே பெரிதாகப் பட்டது.

உங்கள் படத்துக்கு வருகிறேன். கடைசி மரத்தின் அடியில் உள்ள நெடுக்குப் பாயை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த இடத்தில் ஷிப்பிலும் ஒரு நெடுக்குப் பாய் இருக்கும், ஸ்பேங்கர் என்பார்கள். அதற்கு மேலே கண்ணை ஓட்டுங்கள். அங்கே பருமல்கள் இருந்தால் ஷிப். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு பருமல்கூட இல்லை, ஸ்பேங்கருக்கு மேலே சிறிய முக்கோணப் பாய்தான் இருக்கிறது. அது பார்க்.