ரிமோட் சாவியின் பட்டன் செல் வழியில் தீர்ந்துவிட்டால் வண்டியை எப்படி எடுப்பது?

மோட்டார் சைக்கிளின் பாதுகாப்பு ரிமோட் சாவியில் செல் தீர்ந்து வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது, புதுச் செல் போட்டபின் சாவியை மறுபடியும் வண்டியோடு பதிவுசெய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் சாவித்துளையே இல்லாத ஒரு வண்டியை ஓட்டுகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பதிவைப் பற்றிக் கவலை வேண்டாம். வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வரும் சாவிகளில் அடையாள எண் மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் இருப்பதால், செல்லைக் கழற்றி மாட்டுவதால் பெரும்பாலும் அது மறைவதில்லை. வழியில் நிற்பதுதான் சிக்கல்.

சென்ற சித்திரையில் ஆத்தாவைக் குன்றக்குடிக்கு அழைத்துச் சென்று, சாமி கும்பிட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தபோது மணி பதினொன்றரை இருக்கும். சாவித்துளைக்குப் பதிலாக வண்டியில் இருக்கும் குமிழைத் திருப்பினால் திரும்பவில்லை. சாவியின் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியவில்லை. அவசரத்துக்கு உதவும் எண் அச்சிட்ட அட்டையை, வண்டி வாங்கிய நாளில் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பெட்டியைத் திறக்கவும் அதே குமிழ்தான் திரும்ப வேண்டும். ஆத்தாவைப் பூக்கடை நிழலில் உட்காரவைத்தேன். வீட்டிலிருந்த இன்னொரு சாவியோடு மகன் பஸ் ஏறி வந்து சேர முக்கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று. எழுபத்தெட்டு வயதில் அவர் அந்த வெயிலில் காத்திருந்ததை இன்னும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, உங்கள் வண்டியின் கையேட்டை இன்றே எடுத்து, சாவி வேலை செய்யாதபோது எப்படிக் கிளப்புவது என்ற பக்கத்தைப் படிப்பதுதான். சில வண்டிகளில் சாவியோடு தரும் எண்ணைக் குமிழை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் இலக்கமாக உள்ளிட வேண்டும். ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் உரிமையாளர் முன்கூட்டியே அமைத்துக்கொண்ட ஐந்து இலக்க இரகசிய எண்ணை, இடம் வலம் திரும்பக் காட்டும் இண்டிகேட்டர் விளக்குகளின் பொத்தான்களைக் கொண்டு உள்ளிடலாம். அந்த எண்ணைப் பணப்பையில் ஒரு சீட்டிலும், வீட்டில் ஒருவரிடமும் வைத்திருங்கள். வண்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். துளையில் நுழைத்துத் திருப்பும் பழைய வகைச் சாவியின் தலைப்பகுதியில் வெறும் சிப் மட்டும் இருக்குமானால் உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஏனெனில் அந்தச் சிப்புக்குச் செல் தேவைப்படாது. வண்டியில் உள்ள கம்பிச் சுருளிலிருந்து வரும் அலையே அதற்கு உயிர் கொடுத்துவிடும்.

செல்தான் காரணம் என்று முடிவுகட்டும் முன் இன்னொன்றையும் பாருங்கள். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவிக்கும் வண்டி அசையாமல், ஹாரனும் விளக்கும் மங்கியிருந்தால், தீர்ந்திருப்பது வண்டியின் 12 வோல்ட் பேட்டரி.

இந்தச் சாவிகளில் பெரும்பாலும் இருப்பது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் லித்தியம் பட்டன் செல். அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். குன்றக்குடியிலிருந்து திரும்பிய அன்றே கடிகாரக் கடை ஒன்றில் கேட்டபோது, "ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்று சொல்லி சிஆர்2025ஐக் கொடுத்தார்கள். விட்டமும் வோல்டேஜும் ஒன்றுதான்; கனம் 2.5 மில்லிமீட்டர். அந்த 0.7 மில்லிமீட்டர் இடைவெளியால், வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டு விட்டு வந்தது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் எங்கள் காரைக்குடி. லித்தியம் செல்களை ஆராய்கிற ஊரில் ஒரு செல்லின் எண்ணைப் படித்து வாங்கும் பழக்கமாவது நமக்கு வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். வெளியே பொருத்திய அலாரத்தின் ரிமோட்டாக இருந்தால் உள்ளே விரல்கணு அளவில் 12 வோல்ட் உருளைச் செல் இருக்கக்கூடும்; அதில் 23ஏ, 27ஏ என இரண்டு பருமன்கள் உண்டு. பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

வோல்ட் மீட்டரைச் செல்லில் வைத்துப் பார்த்து 3 வோல்ட்டுக்கு அருகில் காட்டுகிறது, ஆகவே செல் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. செல் தேயத் தேய அதன் உள்தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாகத் தெரிந்தாலும், சாவி அலையை அனுப்ப மின்னோட்டத்தை இழுக்கும் அந்தக் கணத்தில் சரிந்துவிடும். அருகில் போனால்தான் வண்டி சாவியை உணர்கிறது, இரண்டாம் முறை அழுத்தினால்தான் கேட்கிறது என்று ஆரம்பித்தவுடனேயே மாற்றிவிடுங்கள். நான் இப்போது ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவும் நாளில், செல் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுகிறேன்.

திறக்கும்போது ஓட்டின் விளிம்பில் உள்ள சிறு பள்ளத்தில், துணி சுற்றிய தட்டைத் திருப்புளியை வைத்து மெல்லத் திருகினால் போதும். நெம்பினால் ஓட்டின் பல் உடையும். உள்ளே முடிபோல் ஓடும் ரப்பர் வளையம் நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மழைநீரைத் தடுப்பது அதுதான். பழைய செல்லில் கூட்டல் குறி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, புதியதை ஓரங்களைப் பிடித்து வையுங்கள். இரு முகங்களையும் சேர்த்து உலோக இடுக்கியால் பிடித்தால் செல் குறுக்கிணைந்து (ஷார்ட் ஆகி) வீணாகும்.

சாவி சும்மா கிடந்தாலும் செல் தேய்வது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். கையில் வைத்திருந்தாலே வண்டியைத் திறக்கும் வகைச் சாவி, வண்டியிலிருந்து வரும் அழைப்பை எப்போதும் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வண்டியை முகப்பில் நிறுத்திவிட்டுப் பக்கத்துத் தூணின் ஆணியில் சாவியை மாட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவ்வளவு அருகில் இருந்தால் சாவி அடிக்கடி விழித்துப் பதில் சொல்ல நேரிடும்; யாராவது குமிழைத் தொட்டாலே வண்டியும் திறந்துகொள்ளும். நான் அதை வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டுப் பகுதியில் உள்ள அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

கழற்றிய செல்லை முற்றத்து மாடக்குழியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சாவிக்கு உதவாத செல்லிலும் ஒரு குழந்தையின் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் அளவு மின்சாரம் மிச்சமிருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். குழந்தை ஒரு வயதைத் தாண்டியிருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். தேனைத் தேடுவதற்காக மட்டும் புறப்பாட்டைத் தாமதப்படுத்தக் கூடாது. பழைய செல்லின் இரு முகங்களிலும் செல்லோ டேப்பை ஒட்டி, எட்டாத உயரத்தில் மூடியுள்ள டப்பாவில் போட்டு வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.