கோடையில் சமையல்: மாலை அடுப்பைக் காலைக்கு மாற்றுங்கள்

கேள்வி: "வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், 74 வயதான என் மாமனார். வேலை முடிந்து வந்து மாலை ஆறு மணிக்கு அடுப்பு முன்னால் நின்றால் தலை சுற்றுகிறது. ஒன்றரை மணி நேரம் வெந்து சமைத்து வைத்தால் யாருக்கும் பசியில்லை. காலையிலேயே சமைத்து இரவு வரை வைக்கலாமா? அடுப்பில்லாமல் வயிறு நிறையும்படி என்ன செய்யலாம்? இன்னும் இரண்டு சின்னச் சந்தேகங்கள்: வெள்ளரிக்காய் சாலட் செய்தால் தண்ணீர் விட்டுக்கொள்கிறது, எலுமிச்சை ஜூஸ் அரை மணியில் கசந்துவிடுகிறது."

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோடையில் வீட்டிலேயே சூடான அறை சமையலறைதான். அதில் நிற்பவருக்குத் தலை சுற்றுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இனிமேல் அப்படி வந்தால் உடனே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சமையல் காத்திருக்கும்.

உங்கள் கேள்விக்கு என் பதில், புதிய ரெசிப்பிகளைத் தேடவேண்டாம், அடுப்பு எரியும் நேரத்தை மாற்றுங்கள் என்பதுதான். காலையில் வெயில் ஏறுமுன் ஒரே ஒரு முறை, நாற்பது நிமிடம் அடுப்பு. மாலையில் அடுப்பே வேண்டாம், வெட்டுவதும் கலப்பதும் மட்டும். இதைச் செய்ய, சமையலறை ஏன் அவ்வளவு புழுங்குகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது.

தீயை மட்டும் குறை சொல்லக் கூடாது, நீராவிக்கும் பெரிய பங்கு உண்டு. இரண்டு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க ஏறத்தாழ 590 கிலோஜூல் வெப்பம் போதும். அதே தண்ணீரைத் திறந்து வைத்து, கொதித்துக் கொதித்து அரை லிட்டர் ஆவியாகிப் போனால், அந்த அரை லிட்டருக்கு மட்டும் 1,130 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. அதாவது கொதிக்கவைத்ததைப் போல இரண்டு மடங்கு. அந்த ஆவி ஜன்னல் வழியாகப் போகாவிட்டால் சமையலறைக் காற்றில்தான் நிற்கும். காற்றில் ஈரம் ஏற ஏற உங்கள் உடம்பில் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்! நெற்றியில் வழிகிறதே தவிர ஆறமாட்டேன் என்கிறதே, அதற்குக் காரணம் இது.

ஆகவே மூடி போடுங்கள். எப்போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும், சிம்மில் மெல்லக் குமிழிட்டாலும் அதன் சூடு ஒன்றேதான், 100 டிகிரியைத் தாண்டாது. பெரிய தீயில் காய் சீக்கிரம் வெந்துவிடாது, ஆவிதான் கூடுதலாக எழும்பும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுவது, கோடைச் சமையலில் எனக்குத் தெரிந்த பாதி வித்தை. குக்கர் இன்னும் மேல். உள்ளே அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி வரை போகிறது, நேரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது, ஆவியும் வீணாகாது. வேலை முடிந்ததும் ஆவியை நீங்களாகத் திறந்துவிடாமல் தானாக அடங்க விடுங்கள்.

அடுத்து, அணைத்த பிறகும் வேகவிடுவது. முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, முட்டைக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி வைத்துக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் அணைத்து மூடி, 12 நிமிடம் கழித்துக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். மஞ்சள் கரு முழுக்க வெந்திருக்கும். கருவைச் சுற்றி வரும் அந்தச் சாம்பல் பச்சை வளையமும் பெரும்பாலும் வராது. பாஸ்தாவும் அப்படியே. கொதிக்கும் தண்ணீரில் போட்டு, ஒட்டாமல் கிளறி, இரண்டு நிமிடம் கழித்து அணைத்து மூடிவிடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட ஓரிரு நிமிடம் கூடுதலாக விட்டால் சரியாக வந்துவிடும். சோறு வடிக்காமல் அளவுத் தண்ணீரில் வைப்பவர்களும், தண்ணீர் இழுத்துக்கொண்டதும் அணைத்துப் பத்து நிமிடம் மூடியே விடலாம்.

ஆனால் ராஜ்மாவில் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அது அழியும். 80 டிகிரி மாதிரி அரைச் சூட்டில் வெகுநேரம் கிடந்தால் நச்சு குறையாதது மட்டுமல்ல, கூடவும் செய்யலாம். ராஜ்மா என்றால் குக்கரில்தான்.

இனி உங்கள் பெரிய கேள்வி. காலையில் சமைத்ததை இரவு வரை வைக்கலாமா? ஃபிரிட்ஜில் என்றால் தாராளமாக. வெளியே என்றால் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்பது பொது விதி. அறை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கோடையில் உங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கக்கூடிய பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதிக்கும் சூட்டிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நச்சு, திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. "நல்லா சூடு பண்ணிட்டா சரியாயிடும்" என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, கெட்ட வாடை எதுவும் வராது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். சமைத்த பெரிய பாத்திரத்தை அப்படியே ஆறவிடாதீர்கள். நடுவில் இருக்கும் சோறு மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அகலமான தட்டிலோ இரண்டு மூன்று தட்டையான டப்பாக்களிலோ இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். பருப்பு, கிரேவி மாதிரி நீர்த்தவை என்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, பத்து நிமிடம் நடுநடுவே கிளறிவிட்டால் சூடு மடமடவென்று இறங்கும். லேசான வெதுவெதுப்பு இருக்கும்போதே ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். முழுக்க ஆறட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. ஃபிரிட்ஜ் உள்ளே 4, 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி நடுத்தட்டில் ஒருநாள் வைத்துப் பாருங்கள். சாமான்களைக் காற்று போக இடமில்லாமல் அடைத்தால் எந்த ஃபிரிட்ஜும் குளிராது.

சரி, காலை நாற்பது நிமிடத்தில் எதைச் சமைப்பது? நான் சொல்வது மூன்று: முந்தைய இரவு ஊறவைத்த கொண்டைக்கடலை குக்கரில், ஐந்தாறு முட்டை பக்கத்து அடுப்பில், நான்கைந்து உருளைக்கிழங்கு கடலையோடு ஒரு கிண்ணத்தில். கடலை வெந்ததும் தண்ணீரை வடித்து, சூடு ஆறுமுன்பே உப்பு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் புரட்டிவிடுங்கள். சூடான கடலையும் கிழங்கும் சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறிய பிறகு ஊற்றினால் மேலோடு நின்றுவிடும், கடித்தால் உள்ளே சப்பென்று இருக்கும். மாலையில் நறுக்கிய வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடி மல்லித்தழையோ புதினாவோ கலந்து, மேலே முட்டையைப் பிளந்து வைத்தால் ஐந்து பேருக்கும் வயிறு நிறையும். சாப்பிடுமுன் இன்னொரு முறை உப்பும் புளிப்பும் பாருங்கள். குளிர்ந்த உணவில் மணம் எழும்பாது, ருசி மட்டுப்படும். காலையில் சரியாக இருந்தது மாலையில் மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

தக்காளியை மட்டும் ஃபிரிட்ஜில் போடாதீர்கள். குளிரில் அதன் மணம் போய்விடும். பழுத்ததாக நிழலில் வைத்து, அன்றன்றைக்குப் பயன்படுத்துங்கள். வெட்டிய பிறகு மிஞ்சினால் வேறு வழியில்லை, ஃபிரிட்ஜ்தான்.

வெள்ளரிக்காய் விஷயத்துக்கு வருவோம். அதில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். உப்பு பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வரத்தான் செய்யும், தடுக்க முடியாது. எனவே அது முதலிலேயே வெளியே வரட்டும். வட்டமாக நறுக்கி, அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு தூவி, வடிகட்டியில் 20 நிமிடம் வையுங்கள். ஐந்து நிமிடத்திலேயே ஒவ்வொரு வில்லையின் மேலும் முத்து முத்தாகத் தண்ணீர் அரும்பும், பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து சொட்டும். கையால் லேசாக அழுத்திப் பிழிந்தால் கால் டம்ளருக்குக் குறையாமல் வடியும். அதற்குப் பிறகு வில்லை துவண்டிருக்கும், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கும். உப்பு அதிலேயே ஏறியிருப்பதால் மறுபடி போடுமுன் ருசி பாருங்கள். காம்புப் பக்கம் ஒரு விரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு, ஒரு துண்டு தின்று பார்ப்பதும் நல்லது. கசப்பு பெரும்பாலும் அங்கேதான் தங்கும். காய் முழுக்கக் கடுமையாகக் கசந்தால் அதைச் சாப்பிடாதீர்கள்.

பிழிந்த இந்த வெள்ளரியை வைத்து மாமனாருக்கு ஒன்று செய்து கொடுங்கள். அரைக் கிலோ கெட்டித் தயிரை நன்றாக அடித்து, ஐஸ் தண்ணீர் 150 மி.லி. விட்டு, வெள்ளரியைப் பொடியாக்கிப் போட்டு, ஒரு பல் பூண்டை உப்போடு நசுக்கிச் சேர்த்து, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர்ந்த சூப். கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கலாம். பசியில்லாதவருக்கு ஒரு தட்டு சாப்பாட்டைவிட இது இதமாக இறங்கும், புரதமும் கிடைக்கும். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்கும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், கை எட்டும் இடத்தில் தண்ணீர் வைத்து, ஒன்றிரண்டு மணிக்கொரு முறை நினைவூட்டுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் மருத்துவர் சொன்ன அளவுதான்.

எலுமிச்சை கசப்பதற்குக் காரணம் லிமோனின். பழத்துக்குள் இருக்கும்போது கசக்காத ஒரு பொருள், பிழிந்த பிறகு சாற்றின் அமிலத்தில் மெல்ல மெல்ல லிமோனினாக மாறுகிறது. விதையிலும் வெள்ளைத் தோலிலும் அது அதிகம். அதனால்தான் பிழிந்த உடனே நன்றாக இருந்தது அரை மணியில் கசக்கிறது. பழத்தை உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, வெட்டி, விதையை எடுத்துவிட்டு மெல்லப் பிழியுங்கள். கடைசிச் சொட்டுக்காகத் தோலை முறுக்க வேண்டாம். குடிக்கும் நேரத்தில்தான் பிழிய வேண்டும்.

முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியது சர்க்கரைப் பாகு. அதற்கும் அடுப்பு வேண்டாம். ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், பாட்டிலில் போட்டுக் குலுக்கி வையுங்கள், கால் மணி கழித்து மறுபடி குலுக்குங்கள், தானாகக் கரைந்துவிடும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். ஒரு பழச் சாற்றுக்கு மூன்று மேசைக்கரண்டி பாகு, 250 மி.லி. குளிர்ந்த தண்ணீர். ஒரு சிட்டிகை உப்பைப் போட மறக்காதீர்கள், உப்பு கசப்பை அடக்கும். நாக்கு குளிர்ந்திருக்கும்போது இனிப்பு மட்டாகத்தான் தெரியும், எனவே சில்லென்று ஆன பிறகுதான் இனிப்பு பார்க்க வேண்டும்.

புதினா கசக்கிப் போட்டால் இன்னும் சில்லென்று இருப்பதாகத் தோன்றுமே, அது உண்மையான குளிர் அல்ல. மெந்தால் நம் நரம்பில் குளிரை உணரும் அதே ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. அந்த ஏற்பியை 2002-ல் கண்டுபிடித்தவர்களில் டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் இருவரும் உண்டு. வெப்பம், தொடுதல் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-ல் அவர்கள் நோபல் பரிசு பெற்றார்கள். நாம் சமையலுக்கு வாங்கும் சாதாரணப் புதினாவில் மெந்தால் குறைவு, மிளகுப்புதினாவில்தான் நிறைய. தொட்டியில் வளர்க்க இடமிருந்தால் அதை வையுங்கள்.

பாட்டில் தண்ணீர் அவசரமாகக் குளிர வேண்டுமா? ஐஸ் கட்டிகளுக்கு நடுவே செருகுவதைவிட, ஐஸ், தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு கலந்த வாளியில் முழுக்குங்கள். கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும். தண்ணீர் என்றால் பாட்டிலை எல்லாப் பக்கமும் தொடும், உப்பு அதைச் சுழியத்துக்கும் கீழே கொண்டுபோகும்.

பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. நன்றாகக் கனிந்து தோலில் புள்ளி விழுந்த வாழைப்பழம் நான்கை வில்லைகளாக்கி, ஒட்டாமல் தட்டில் பரப்பி, இரவெல்லாம் ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் வெளியே எடுத்து மூன்று நிமிடம் விட்டு, மிக்சியில் விட்டு விட்டு அடியுங்கள். முதலில் பொடிக் கல் மாதிரி சிதறும், கைவிட்டுவிடாதீர்கள். ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி அடித்தால் களி மாதிரி ஒட்டும். இன்னும் ஒரு நிமிடம், திடீரென்று இளகி, வழுவழுவென்று ஐஸ்கிரீமாகவே திரண்டு வரும். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி அந்த மாற்றத்தைப் பார்க்கவிடுங்கள். திராட்சையையும் இப்படி உறையவைத்துத் தின்னலாம், ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும், நீளவாக்கில் நான்காகக் கீறியே உறையவையுங்கள்.