ஸ்கோடா ஆர்எஸ் 230-ஆ, 245-ஆ? பதினொரு லட்சம் வித்தியாசத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி: வணக்கம் சார். வயது 36. கிருஷ்ணகிரியில் வீடு, ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை, கைக்கு 92,000 வருகிறது. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, 58,000. வீட்டுக் கடன் இஎம்ஐ 31,000. மாதச் செலவு அதையும் சேர்த்து 75,000 ஆகும். எஃப்டியில் 21 லட்சம் இருக்கிறது, மே மாதம் சீட்டு எடுத்தால் இன்னொரு 4 லட்சம். காலேஜ் நாளிலிருந்தே ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் மேல் ஆசை. இப்போது இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2018 மாடல் ஆர்எஸ் 230, பெங்களூரு கார், கேஏ பதிவு, இரண்டாவது ஓனர், 68,000 கிலோமீட்டர், 16 லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று 2021 மாடல் ஆர்எஸ் 245, தமிழ்நாடு பதிவு, ஒரே ஓனர், 31,000 கிலோமீட்டர், 27 லட்சம். 245-க்கு 15 லட்சம் கையிலிருந்து போட்டு 12 லட்சம் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். இப்போதிருக்கும் ஸ்விஃப்டை விற்றுவிட்டு இதிலேயே தினமும் வேலைக்குப் போக எண்ணம். எது சரி?

பதில்: வணக்கம் தம்பி. இந்தக் கேள்விக்கு "இரண்டும் வேண்டாம், அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடுங்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நான் போய்விடலாம். அப்படி எழுதினால் நீங்கள் அதைப் படித்துவிட்டு அந்த வார ஞாயிற்றுக்கிழமையே போய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவீர்கள், எனக்குத் தெரியும். அதனால் வாங்கப்போகிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு பேசுவோம்.

முதலில் அந்த "2021 மாடல்" என்ற சொல். ஆர்எஸ் 245 இந்தியாவுக்கு மொத்தமே 200 கார்தான் வந்தது. 2020 பிப்ரவரியில் ஆட்டோ எக்ஸ்போவில் காட்டி மார்ச்சில் புக்கிங் திறந்தார்கள், அந்த மாதக் கடைசியில் லாக்டவுன். முழுதாகத் தயாராகி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த வண்டி அது. அதனால் 2020-ல் தயாராகி 2021-ல் பதிவான காராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆர்சியில் உற்பத்தி மாதம், ஆண்டு தனியாக இருக்கும், பதிவுத் தேதி தனியாக இருக்கும், விற்பவர் எப்போதும் பிந்தையதைத்தான் சொல்வார். நம் ஊர் மாங்காய் மண்டியில் கூடையின் மேல் அடுக்கைப் பார்த்து யாராவது விலை பேசுவார்களா, அடியில் கை விட்டுப் பார்க்க மாட்டோமா? அதேதான் இதுவும். உற்பத்தி 2020 என்றால் அது 2020 கார், விலையும் அதற்குத்தான்.

இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை, இன்சூரன்ஸில் இடிக்கும். ஐந்து வயது வரைக்கும் காரின் காப்பீட்டு மதிப்புக்கு, அதாவது ஐடிவிக்கு, அட்டவணை இருக்கிறது, நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் 50 சதவீதம் கழிப்பார்கள். ஐந்தைத் தாண்டினால் கம்பெனியும் நீங்களும் பேசி வைத்துக்கொள்வதுதான் மதிப்பு. க்ளெய்மில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவரும் அந்த வயதுக்கு மேல் எல்லா இடத்திலும் சுலபமாகக் கிடைக்காது. அப்படிப் பார்த்தால் உங்கள் இரண்டு காருமே ஒரே படகில்தான். "இது புதுசு சார், இன்சூரன்ஸ் பிரச்சினையே வராது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். அப்புறம், ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி, காரோடு சேர்ந்து வராது, அது அவருடையது. பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, பதினொரு லட்சம் அதிகம் கொடுத்து என்ன வாங்குகிறீர்கள்? 230-இல் 230 பிஎஸ் சக்தி, 350 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ். 245-இல் 245 பிஎஸ், 370, ஏழு கியர், அதோடு வளைவில் முன் சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஒரு டிஃபரன்ஷியல். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் அரை விநாடிகூட இல்லை. தொப்பூர் கணவாயில் இரண்டு லாரிகள் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நிற்கும் உங்களுக்கு 230 என்ன, 245 என்ன. அந்த டிஃபரன்ஷியல் உண்மையிலேயே நல்ல விஷயம், மறுக்கவில்லை, ஆனால் அதைப் பதினொரு லட்சத்துக்கு வாங்க முடியாது. நீங்கள் காசு கொடுப்பது கிலோமீட்டர் குறைவு, ஒரே ஓனர், இரண்டு வருட இளமை, இந்த மூன்றுக்கும்தான்.

இப்போது கணக்கு. 12 லட்சம் கடன், பழைய காருக்கு 13 சதவீதம் என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு மாதம் 32,200 ரூபாய் இஎம்ஐ. வட்டி மட்டும் சுமார் 3,45,000. இதில் எனக்குப் புரியாத ஒன்று, 15 லட்சம் போட்ட பிறகும் சீட்டுப் பணத்தோடு சேர்த்துக் கையில் 10 லட்சம் மிச்சம் வைக்கப்போகிறீர்கள், அது ஆறரை ஏழு சதவீதத்தில் எஃப்டியில் தூங்கும், அதற்கும் வருமான வரி கட்டுவீர்கள், அதே நேரம் 13 சதவீதத்தில் கடன் கட்டுவீர்கள். அவசரத்துக்கு ஒரு தொகை வேண்டும், சரி. அதற்கு மேல் இருப்பதை வைத்துக்கொண்டு கடன் வாங்குவது ஒரு கையால் தண்ணீர் இறைத்து இன்னொரு கையால் கொட்டுவது மாதிரி.

நான்கு வருடம் ஓட்டிவிட்டு விற்கிறீர்கள் என்று வைப்போம். என் தோராயக் கணக்குதான், பத்திரத்தில் எழுதித் தர முடியாது. 16 லட்சத்துக்கு வாங்கிய 230 பத்துக்குப் போகும், 27-க்கு வாங்கிய 245 பதினேழுக்குப் போகும். 230-க்கு நான்கு வருடத்தில் ரிப்பேர், டயர், சர்வீஸ் எல்லாம் மூன்று லட்சம், 245-க்கு ஒன்றரை லட்சம். ஆக 230-இல் கரைவது ஒன்பது லட்சம், 245-இல் வட்டியோடு சேர்த்து பதினைந்து. ஆறு லட்சம் அதிகம், மாதம் 12,500. புது 230-இன் ஷோரூம் விலை 2017-இல் 24.62 லட்சம், 245 வந்தபோது 35.99 லட்சம். பழைய காரில் விழவேண்டிய பெரிய விலைச் சரிவு முந்தைய இரண்டு ஓனர்களின் கணக்கில் விழுந்துவிட்டது, மிச்சம்தான் உங்களுக்கு. 2025 அக்டோபரில் அடுத்த தலைமுறை ஆர்எஸ் வெறும் 100 கார் 49.99 லட்சத்துக்கு வந்ததல்லவா, அதைக் காட்டி "இது இனி கிடைக்காத சாமான்" என்று 245-காரர் விலையைப் பிடித்து வைப்பார். கிடைக்காத சாமான் என்றால் அதன் பம்பரும் ஹெட்லைட்டும்கூடக் கிடைக்க நாளாகும் என்று நீங்கள் அவருக்குச் சொல்லலாம்.

அதனால் என் ஓட்டு 230-க்கு. ஆனால் இந்த 230-க்கு, இந்த 16 லட்சத்துக்கு இல்லை.

காரணம் அந்த கேஏ நம்பர். ஓசூர்ப் பக்கம் கேஏ வண்டி சர்வசாதாரணம், யாரும் கேட்கவில்லை என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. நீங்கள் கிருஷ்ணகிரி முகவரியில் இருந்துகொண்டு அப்படி ஓட்ட முடியாது. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். கர்நாடகத்தில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்கி இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். புதுக் காருக்கு 20 லட்சத்துக்கு மேல் என்றால் தமிழ்நாட்டில் 20 சதவீதம், பழைய காருக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும், ஆனால் கணக்கு நீங்கள் பேரம் பேசிய 16 லட்சத்தில் இல்லை, கார் புதிதாக விற்ற அன்றைய விலையில். ஒரு பேச்சுக்குப் பத்து சதவீதம் என்றாலே இரண்டரை லட்சம். சரியான தொகையை டோக்கன் கொடுப்பதற்கு முன்பே கிருஷ்ணகிரி ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி நகலைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், அது வர நாளாகும், வந்தால் யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை எழுதாமல் விட்டேன். பெங்களூரில் ஒரு புரோக்கர் மூலம் வாங்கிய பழைய ஜெர்மன் கார், "என்ஓசி ஒரே வாரம் சார்" என்றார், ஐந்து மாதம் தர்மபுரிக்கும் பெங்களூருக்கும் பஸ்ஸில் போய் வந்தேன், கார் வீட்டில் நின்றது. அந்த பஸ் கண்டக்டருக்கு என் முகமே மனப்பாடம் ஆகிவிட்டது.

உங்களிடம் மொத்தம் 25 லட்சம். ஆறு மாதச் செலவு 4.5 லட்சம், அதைத் தொடக்கூடாது. காருக்கென்றே தனியாக 3 லட்சம், இது அந்த வண்டியின் வயிற்றுக்கு. ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக்கூடாது இல்லையா. மிச்சம் 17.5 லட்சம். வரி, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து இதற்குள் முடிய வேண்டும், கடன் இல்லாமல். அப்படியென்றால் கேஏ காருக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது பதினான்கரை, மிஞ்சிப்போனால் பதினைந்துக்குள். இறங்கவில்லையா, தமிழ்நாடு பதிவில் வேறு 230 வரும் வரை காத்திருங்கள். சீட்டை எடுக்கவே மே ஆகும் என்கிறீர்கள், அவசரம் என்ன?

ஸ்விஃப்டை விற்காதீர்கள். இது முக்கியம், இதைத்தான் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போய் வர நூறு கிலோமீட்டர், 24 நாள், மாதம் 2,400. ஆர்எஸ் லிட்டருக்கு 11 கொடுத்தால் 218 லிட்டர், 101 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 22,000 ரூபாய் பெட்ரோல். வருடத்துக்கு 29,000 கிலோமீட்டர் ஏறும், அப்புறம் நான் மேலே சொன்ன பத்து லட்சம் மறுவிற்பனையெல்லாம் கனவு. டோல்கேட் வேறு. ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் எடுத்தால் போதும் என்று நினைப்பீர்கள், அதில் 200 பயணம்தான், உங்கள் கணக்கில் நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும், டோல்கேட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தரும் மாதப் பாஸ் உங்களுக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். கம்பெனி பஸ் ஓடினால் அதிலேயே போங்கள், இல்லாவிட்டால் ஸ்விஃப்ட். ஆர்எஸ் ஞாயிற்றுக்கிழமைக் கார். அப்படி வைத்திருந்தால்தான் அது உங்களுக்குக் கட்டும்.

பணம் கொடுக்கும் விதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பாதியை ரொக்கமாகக் கேட்பார்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது, அபராதம் வாங்குபவருக்கு, அதைச் சொன்னாலே வங்கி மாற்றத்துக்கு ஒத்துக்கொள்வார்கள். டீலரிடம் வாங்கி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரியாக ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிக்கலாம், அது செலவில்லை, வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் வந்திருக்கிறதா பார்த்து ரிட்டர்னில் கழித்துக்கொள்ளுங்கள். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வரும்வரை முழுப் பணமும் தராதீர்கள்.

காரைப் பார்ப்பதில் நான் நிபுணன் இல்லை, நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், மூவாயிரமோ ஐயாயிரமோ அவருக்குக் கொடுங்கள். இரண்டு விஷயம் மட்டும் பணத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் சொல்கிறேன். இந்த 230-இன் டிஎஸ்ஜி கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், கார் 68,000 ஓடியிருக்கிறது, அந்த பில் இருக்கிறதா? வாய்ச்சொல் வேண்டாம், பில். இரண்டாவது, ரீமேப். இந்த மாதிரிக் காரை வாங்குகிறவர்களில் பலர் இன்ஜின் மென்பொருளை மாற்றிக் கூடுதல் சக்தி ஏற்றுவார்கள், விற்கும்போது பழையபடி மாற்றிவிடுவார்கள். கியர்பாக்ஸ் பட்ட பாட்டை மாற்ற முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் என்றால் க்ளெய்ம் நேரத்தில் தகராறு. ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள், விற்பவரிடம் "ரீமேப் செய்யவில்லை" என்று எழுதி வாங்குங்கள், எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போவதாக இருந்தால் முந்தின நாளே போன் செய்து, நான் வந்து சாவி போடும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.