பத்துப் பக்கம் படித்தால்தான் போனா?

கேள்வி: ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு முடித்த மகனுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் எட்டு வாங்கினேன். தினம் பத்துப் பக்கம் படித்துச் சுருக்கம் எழுதினால்தான் போன் என்றேன். இப்போது புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறான். லீவு முடிய ஐந்து வாரம் இருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: சுருக்கம் எழுதச் சொல்வதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். எழுத வேண்டும் என்று தெரிந்த பிள்ளை கதையில் ஒன்ற மாட்டான். எழுதத் தோதான வரிகளையே தேடுவான். போனையும் இதில் சேர்க்காதீர்கள். படிப்பது வேலை, போன் அதற்குக் கூலி என்று ஆகிவிடும். போனுக்குத் தனியாக நேரம் வையுங்கள்.

அவன் ஓடுவது சோம்பலால் இருக்காது. ஆங்கில வழிப் பிள்ளைகள் பலர் தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். நீளமான சொல் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். கதை எப்படி ருசிக்கும்? ஒவ்வொரு புத்தகத்திலும் நடுப்பக்கம் ஒன்றை நீங்களே அவனுடன் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால், அதை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிடலாம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று வகுப்பைப் பார்க்காமல் வாசிப்புத் திறனைப் பார்த்தே பிரிக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் பத்து வயதுப் பையனிடம் யானைக்குட்டி படப் புத்தகத்தை நீட்டினால் கூச்சப்படுவான். எழுத்து குறைவாக, விஷயம் அவன் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: படக்கதை, விடுகதை, பாம்பு, விண்வெளி, கிரிக்கெட். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். நான்கு நிலைகள் உண்டு. இரண்டாம் நிலையில் தொடங்குங்கள். அச்செடுத்துக் கொடுத்தால் போன் கையில் வராது. கிளை நூலகத்துக்கும் கூட்டிப்போங்கள். அவனே எடுக்கட்டும், "இது எதுக்கு?" என்று கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, இரவில் நீங்கள் படித்துக் காட்டுவது. பத்து வயதுக்கும் இது தேவைதான். பதினைந்து நிமிடம், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வரிகள் அவன் கண்ணில் படும்படி. கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். "மிச்சத்தை நீ படி" என்று சொல்லிவிட்டால் காரியம் கெட்டது. ஒரு வாரம் கழித்து, ஒரு பாத்திரத்தின் வசனத்தை மட்டும் அவன் வாசிக்கட்டும். தப்பாக வாசித்தால் பொருள் மாறும்போது மட்டும் திருத்துங்கள். 'ழ', 'ல' தகராறை இந்த லீவுக்கு விட்டுவிடலாம்.

படித்ததையே மறுபடி படிப்பான், பாதியில் மூடுவான், சில நாள் படம் மட்டும் பார்ப்பான். தடுக்காதீர்கள். பழகிய கதையைத் திரும்பப் படிக்கும்போதுதான் வேகம் கூடுகிறது. நீங்கள் வாங்கிய எட்டில் கடினமானவற்றை ஜூலையில் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்படி வைத்துப் பாருங்கள்.