மார்க் போட்டால் தீர்ப்பாகிவிடுமா?

கேள்வி: நானும் நண்பரும் 2024 ஆஸ்கரில் சிறந்த படத்துக்குப் போட்டியிட்ட பத்துப் படங்களையும் போனிலும் லேப்டாப்பிலுமாகப் பார்த்து முடித்தோம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று ஆளுக்கொரு மார்க் போட்டுக் கூட்டினோம் (பட்டியல் இணைத்துள்ளேன்). விருது வாங்கிய ‘ஓப்பன்ஹைமர்’ எங்களிடம் நான்காவது இடம்தான். இதில் ‘த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்கிற அமைதியான படத்துக்குப் போய் ஒலிக்கான விருது வேறு! படம் பார்க்கத் தெரியாதது அவர்களுக்கா, எங்களுக்கா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

போட்டியிடும் படங்களைப் பார்க்காமலேயே, ஆஸ்கர் தரும் அகாடமியின் உறுப்பினர் பெரும்பாலான பிரிவுகளில் இறுதிச் சுற்றில் ஓட்டுப் போடலாம் என்பதுதான் வெகுகாலம் இருந்த நிலைமை. எந்தப் பிரிவானாலும் அதன் எல்லாப் படங்களையும் பார்த்தவருக்கே அதில் ஓட்டு என்று 2025 ஏப்ரலில்தான் விதி வந்தது. 2026இல் நடந்த 98ஆவது விழாவிலிருந்து அமல். பத்தையும் பார்த்த வகையில் நீங்கள் யோக்கியம்தான். கோளாறு, பார்த்த விதத்திலும் மார்க் போட்ட விதத்திலும்.

பட்டியலைப் பார்த்தேன். நீங்கள் எந்தப் படத்துக்கும் 6க்குக் கீழே இறங்கவில்லை, 8க்கு மேலே ஏறவில்லை. நண்பர் 2ம் போடுகிறார், 10ம் போடுகிறார். ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ படத்துக்கு நீங்கள் 8, அவர் 3, மொத்தம் 11. ‘பார்பி’க்கு நீங்கள் 6, அவர் 10, மொத்தம் 16. இந்த இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் உங்கள் ஓட்டு ஒன்றுக்கு, அவர் ஓட்டு மற்றதற்கு. சரிசமம். உங்கள் கூட்டலிலோ ‘பார்பி’ 5 மார்க்கில் ஜெயித்துவிட்டது. இது நண்பரின் தீர்ப்பு; நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆஸ்கரின் இறுதி ஓட்டில் மார்க் கிடையாது. சிறந்த படத்துக்கு மட்டும் உறுப்பினர்கள் பத்துப் படங்களையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார்கள். முதலிடங்களை எண்ணும்போது எந்தப் படமும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால், மிகக் குறைவாக வாங்கிய படத்தை நீக்கி, அந்தச் சீட்டுகளை அவற்றில் அடுத்த இடத்தில் உள்ள படத்துக்கு மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும் வரை இப்படியே. சிறந்த படத்துக்கான பட்டியலை ஐந்திலிருந்து பத்தாக்கிய 2010 விழாவில் இந்த முறை திரும்ப வந்தது. சிலருக்கு உயிராகவும் பலருக்கு வேப்பங்காயாகவும் இருக்கிற படம் இதில் தேறுவது கஷ்டம். நிறையப் பேர் இரண்டாவது, மூன்றாவது என்று எழுதிய படத்துக்கு வழி உண்டு. மற்ற பிரிவுகளில் ஆளுக்கு ஒரே ஓட்டு, அதிகம் வாங்கியது ஜெயிக்கும்.

இரண்டே பேர் இருக்கும் இடத்தில் அந்த நீக்கல் முறை உதவாது, பாதிக்கு மேல் என்றாலே இரண்டு பேரும் என்றாகிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது: பேசிக்கொள்ளும் முன் தனித்தனித் தாளில் 1 முதல் 10 வரை எழுதுங்கள். இடங்களைக் கூட்டுங்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கு முதலிடம். சமன் வந்தால், எந்தப் படத்தின் மோசமான இடம் மேலே இருக்கிறதோ அதற்குக் கொடுங்கள்: 1ம் 6ம் வாங்கிய படத்தைவிட 3ம் 4ம் வாங்கிய படம் முந்தும். பேசிவிட்டு எழுதினால் குரல் பெரியவர் பக்கம் சாய்வீர்கள்.

வரிசையைப் பத்தும் முடிந்த பிறகுதான் எழுத வேண்டும். அன்றன்றைக்கு வேண்டியது ஒலி, எடிட்டிங் என்று துறைக்கு ஒரு வரிக் குறிப்பு மட்டும். பத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 23 மணி நேரம். அந்த ஆண்டு பரிந்துரை வந்தது ஜனவரி 23, விழா மார்ச் 10. வாரக் கடைசிக்கு இரண்டு படம் என்றால் தாராளமாக முடியும். 206 நிமிட ‘கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்’ படத்தையும் 180 நிமிட ‘ஓப்பன்ஹைமர்’ படத்தையும் ஒரே வாரத்தில் வைத்தால் இரண்டாவதாகப் பார்ப்பது உங்கள் களைப்புக்குப் பலியாகும். கடைசியாகப் பார்த்த படம் எப்போதும் கொஞ்சம் உயரமாகத் தெரியும். எனவே வரிசை எழுதும் முன் முதலில் பார்த்த இரண்டு படங்களிலும் பதினைந்து நிமிடம் திரும்பப் பாருங்கள்.

இனி அந்த ‘அமைதியான’ படம். நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாம் தளபதி ருடால்ஃப் ஹோஸின் வீடு, தோட்டம், பிள்ளைகள். மதிலுக்கு அந்தப் பக்கம் முகாம். அங்கே நடக்கும் கொலைகளைக் கேமரா காட்டுவதே இல்லை. எல்லாம் காதில்தான்: தூரத்துத் துப்பாக்கி, அலறல், நாய், ரயில், இவற்றுக்கு அடியில் நிற்காமல் ஓடும் பிணம் எரிக்கும் உலையின் உறுமல். போன் ஸ்பீக்கரில் அந்த உறுமல் வராது, அத்தனை சின்ன ஸ்பீக்கரில் கனத்த ஓசை எழாது. வீட்டு அரட்டை மட்டும் கேட்கும். அதாவது படத்தில் பாதியை உங்கள் போன் தணிக்கை செய்துவிட்டது. ஆரம்பத்தில் திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும், இசை மட்டும் ஓடும். நெட் சிக்கிவிட்டது என்று நினைத்துத் தள்ளிவிட்டீர்களோ என்னவோ. கண்ணை ஓய்வில் வைத்துக் காதைத் தயார் செய்கிற இடம் அது. விருது டார்ன் வில்லர்ஸுக்கும் ஜானி பர்னுக்கும் போனது, எனக்குத் தெரிந்து அந்த விழாவிலேயே சரியான முடிவு. தலையில் மாட்டும் ஹெட்போனில், கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் ஓட விட்டு, கேட்டதை எழுதிப் பாருங்கள்.

ஒலி என்பது சத்தத்தின் அளவல்ல, இசையும் அல்ல. 2009இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் வாங்கியது இசைக்கும் பாட்டுக்கும். அதே படத்தின் ஒலிக்கலவை விருதை ரசூல் பூக்குட்டியும் இன்னும் இருவரும் வாங்கினார்கள். ‘ஓப்பன்ஹைமர்’ படத்தின் அணுகுண்டுச் சோதனையிலும் முதலில் வருவது ஒளி மட்டும், இடி பிறகுதான். பரிந்துரைக்கு அதுவும் வந்தது.

அந்தப் படத்தை நான்காவதாக வைத்தது உங்கள் உரிமை. ஆனால் குறிப்பில் ‘எடிட்டிங் வேகம், சூப்பர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேகம் எடிட்டிங் ஆகாது. 2019இல் ‘பொஹிமியன் ராப்ஸடி’ எடிட்டிங் விருது வாங்கியது. மேனேஜரைச் சந்திக்கும் சின்னக் காட்சியில் காரணமில்லாமல் ஆள் மாற்றி ஆள் வெட்டியதை உலகமே கேலி செய்தது. அகாடமிக்கும் தெரியாது என்றேனே, அது இதுதான். ‘ஓப்பன்ஹைமர்’ படத்தில் வண்ணம் நாயகன் பார்வை, கறுப்பு வெள்ளை அவரது எதிராளி ஸ்ட்ராஸின் பக்கம். எந்தச் சொல்லில், எந்த முகத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறார்கள் என்று ஒலியை அணைத்துவிட்டு ஒரு காட்சியைப் பாருங்கள். எடிட்டர் ஜெனிஃபர் லேமுக்கு விருது ஏன் என்பது அங்கே தெரியும்.

டி.வி.யில் பார்ப்பதானால் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே டி.வி. தானாகப் பிரேம் செருகினால் ஒளிப்பதிவு மெகா சீரியல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். டப்பிங்கும் வேண்டாம், சப்டைட்டில் போதும். ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ நாயகி ஜெர்மன்காரி. பிரெஞ்சு நீதிமன்றத்தில் பிரெஞ்சு தடுமாறி ஆங்கிலத்துக்குத் தாவுகிறாள். எல்லாரும் ஒரே மொழி பேசினால் அந்த வழக்கின் பாதி நெருக்கடி காணாமல் போகும். நண்பர் போட்ட 3க்குக் காரணம் இதுவா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

திரைக்கதை விருதில் ‘பார்பி’ சொந்தக் கதையா தழுவலா என்று சண்டை வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் சங்கம் சொந்தம் என்றது, அகாடமி தழுவலில் வைத்தது. ஆஸ்கர் ஆட்டம் ஆடினால் அகாடமி பட்டியல்தான் விதி.

அடுத்த முறை மூன்று குறும்படப் பிரிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 15 படங்கள், எதுவும் 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2023இல் ஆவணக் குறும்பட விருது வாங்கிய ‘த எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ முதுமலை தெப்பக்காட்டில் எடுத்தது. நம் தமிழ்நாட்டிலேயேதான், அதைப் பார்த்தீர்களா?