கழற்றி மாட்டினால் சரியாகிறது, மறுபடியும் வருகிறதே?

கேள்வி: எக்ஸ்கவேட்டர் வேலை செய்யும்போது ஹைட்ராலிக் பிரஷர் சென்சாருக்கு ஃபால்ட் கோடு (கோளாறைச் சொல்லும் எண்) வருகிறது. நிறுத்தினால் போய்விடுகிறது. கனெக்டரைக் கழற்றி மாட்டினால் சில வாரம் தொல்லை இல்லை. சென்சாரையும் மாற்றிவிட்டோம். மீட்டரில் வயர் நன்றாகவே காட்டுகிறது. எங்கே தேடுவது?

பதில்: கழற்றி மாட்டியதும் சரியாகிறது என்பதே பெரிய துப்பு. கனெக்டரைச் சந்தேகியுங்கள். அதற்குள் வெள்ளீயம் பூசிய ‘பின்’ என்ற உலோக ஊசியும், அதைப் பிடிக்கும் ஜோடி டெர்மினலும் அதிர்வில் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த அசைவு கண்ணுக்கே தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். ஒவ்வொரு உரசலிலும் புது உலோகம் வெளிப்பட்டு ஆக்சைடாகி, அந்தத் துகள் அங்கேயே சேர்கிறது. சில மில்லி ஓம் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில், குலுங்கும் நொடியில் மின்தடை எகிறுகிறது. கழற்றி மாட்டும்போது அந்தப் படலம் சுரண்டப்படுகிறது, அவ்வளவுதான். கடைசியில் கழற்றும்போது லென்ஸ் வைத்துப் பாருங்கள்: பின்னில் டெர்மினல் தொடும் இடத்தில் மட்டும் சின்னக் கரும்புள்ளி தெரியும். அதனால், சோதனையெல்லாம் முடியும்வரை கனெக்டரைக் கழற்றாதீர்கள், தடயம் அழிந்துவிடும்.

நிற்கிற வண்டியில் ஓம் பார்ப்பதை நம்ப வேண்டாம். மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகக் குறைவு. வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் நல்லதென்றே காட்டும். சாவியை ஆன் செய்து, கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய பின் செருகி, சென்சாருக்கு வரும் 5 வோல்ட்டையும் பிறகு சிக்னலையும் மீட்டரின் மின்-மேக்ஸ் (மிகக் குறைந்த, மிக அதிக அளவு) பதிவில் வைத்துப் பாருங்கள். ஹார்னஸை (வயர் கட்டை) சாண் சாணாக அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே எண் சரிகிறதோ அங்கே நில்லுங்கள். சோலனாய்டு (மின்காந்தச் சுருள்), விளக்கு போன்ற லோடு உள்ள சர்க்யூட் என்றால், அது ஓடும்போதே கனெக்டரின் இரு பக்கத்துக்கும் இடையே வோல்ட்டேஜ் இறக்கம் பாருங்கள், 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பு சரியில்லை.

பலரும் செய்யும் கெடுதல் ஒன்று: மீட்டர் முனையை டெர்மினல் துளைக்குள் குத்துவது. ஸ்பிரிங் விரிந்துபோய், இல்லாத கோளாறும் வந்து சேரும். பிடிப்பைச் சோதிக்க அதே அளவில் ஒரு புது பின்னைச் செருகி இழுங்கள். தடையே இல்லாமல் வந்தால் டெர்மினல் போய்விட்டது.

மாற்றும்போது இரண்டு பக்க டெர்மினலையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் தங்க முலாம், மறுபக்கம் வெள்ளீயம் என்று கலக்கக் கூடாது. டெர்மினலை வயரோடு சேர்த்து அழுத்துவதற்கென்றே உள்ள கிரிம்ப் டூலால்தான் அழுத்த வேண்டும். கட்டிங் பிளையர் போதாது. அதன்பின் அசைவை நிறுத்துங்கள், இல்லையென்றால் அத்தனையும் வீண். கனெக்டரிலிருந்து 10 முதல் 15 செ.மீ.க்குள் ஒரு கிளாம்ப் வேண்டும், அதுவும் சென்சார் உட்கார்ந்திருக்கும் அதே பாகத்தில். சென்சார் எஞ்சினில், கிளாம்ப் சேஸிஸில் என்றிருந்தால் இரண்டுக்கும் நடுவே குலுங்குவது முழுக்கப் பின்னில்தான் விழும். வயர் விறைத்து நிற்காமல் கொஞ்சம் தளர்வும் விடுங்கள்.

கேள்வி: கனெக்டர் நிறைய கிரீஸ் அடைத்தால் போதாதா? கிரிம்புக்கு மேல் சால்டரும் வைக்கலாமா?

பதில்: சிலிகான் கிரீஸ் தண்ணீரைத் தடுக்கும், உரசலை நிறுத்தாது. சீலில் மெல்லப் பூசினால் போதும். அடைத்துவிட்டால் கனெக்டர் முழுதாக உட்காராமல் லாக் விழாது. மின் கடத்தும் கிரீஸைப் பல பின் உள்ள கனெக்டரில் தொடவே வேண்டாம், பக்கத்துப் பின்களை இணைத்துவிடும். சால்டர் வேண்டாம். அது இழைகளுக்குள் ஏறி விறைத்து, அது முடியும் விளிம்பிலேயே வயர் ஒடியும்.