பலம் சார்ந்த குடும்பச் செவிலியத்தை நம்பி ஆசிரியர் வேலைக்கு வரலாமா?

பி.எஸ்சி நர்சிங் முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: குடும்பத்தின் பலத்தை வைத்துச் செய்யும் செவிலியத்தில் மேற்படிப்பு, ஆசிரியர் வேலை என்று போகலாமா?

போகலாம். ஆனால் அந்தப் பெயரில் நம் ஊரில் தனி எம்.எஸ்சி கிடையாது. நான் சமூக சுகாதாரச் செவிலியம் (கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங்) எடுத்து, கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். இந்தப் பக்கம் என்னைத் திருப்பியது புத்தகம் அல்ல, ஒரு பால் கணக்கு நோட்டு.

வலங்கைமான் பக்கம் ஒரு வீடு. பெரியவருக்குச் சர்க்கரை, காலில் புண். சம்பா நடவு நேரம், சேற்றில் இறங்காதீர்கள் என்றால் கேட்கவில்லை. என் மாணவி கேர் பிளானில், அதாவது பராமரிப்புத் திட்டத்தில், வழக்கம்போல 'நாலெட்ஜ் டெஃபிசிட்' (நோயைப் பற்றிய அறிவு போதாது) என்று எழுதினாள், நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்று முறை போய் அதே அறிவுரை. நான்காவது முறை மழைக்குத் திண்ணையில் ஒதுங்கியபோதுதான் மருமகளின் நோட்டைப் பார்த்தேன். காலை, மாலை, எத்தனை லிட்டர், பாலின் தரம் என்ன டிகிரி, ஒரு நாள் விடவில்லை.

"இவ்வளவு சுத்தமா எழுதுறியே, மாமாவோட மாத்திரை, டிரெஸ்ஸிங் கணக்கையும் எழுதுவியாம்மா?"

"இதுல என்ன இருக்கு டீச்சர், பக்கத்துல ரெண்டு கோடு போட்டா ஆச்சு."

மூன்றாவதாக 'சேறு' என்று ஒரு கோடு அவளாகவே போட்டாள். அதில் டிக் விழுவது பெரியவருக்குப் பிடிக்கவில்லை! புண் ஆறியது மருந்தாலும் டிரெஸ்ஸிங்காலும்தான், நோட்டால் அல்ல. ஆனால் டிரெஸ்ஸிங்குக்கு நாள் தவறாமல் வந்தார்கள்.

அப்புறம்தான் படித்தேன். கனடாவின் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் லாரி காட்லீப் இதைக் கோட்பாடாகவே எழுதியிருக்கிறார், புத்தகம் 2013-இல் வந்தது. அதற்கு வேர் அங்கேயே மொய்ரா ஆலன் உருவாக்கிய 'மெக்கில் மாடல்' என்ற செவிலிய முறை. லொரெய்ன் ரைட்டும் மொரீன் லீஹியும் 1999-இல் எழுதிய 15 நிமிடக் குடும்பப் பேட்டி நமக்கு இன்னும் உபயோகம்: மரியாதையாகப் பெயர் சொல்லி அறிமுகம், குடும்ப மரம், சில நல்ல கேள்விகள், அந்தக் குடும்பத்திடம் கண்ணால் கண்ட ஒரு நல்லதைச் சொல்லிப் பாராட்டுவது. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் 15 நிமிடம் ஏது என்பீர்கள். ஐந்து நிமிடத்திலும் பாராட்டு அடங்கும். கனடாவில் குடும்பத்தை வார்டுக்குள் கூட்டிவர வாதாட வேண்டியிருந்தது. இங்கே கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களை நாம் வெளியே போகச் சொல்கிறோம்.

சம்பளம் பற்றி: தனியார் கல்லூரியில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பிஎச்.டி இருந்தால் கொஞ்சம் பேரம் பேசலாம்.

எனக்கு ஒரு உறுத்தல் மட்டும் போகவில்லை. குடும்பத்தின் பலம் என்று நாம் எழுதுவது பல வீடுகளில் ஒரே ஒரு மருமகளின் முதுகு. அந்த நோட்டில் அவளுக்கு என்று ஒரு கோடு இல்லை. காய்ச்சலோடு மாடு கறந்த நாளெல்லாம் எங்கும் பதிவாகவில்லை, நானும் கேட்கவில்லை. பிஎச்.டி தலைப்பு தேடினால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.